பாட்ஷாவுக்காக நாலு வார்த்தை

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார், அல்லது இரத்தசோகையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். நான் "பாட்ஷா" படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ஒழுங்கமைப்புக் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழி தொலைபேசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன்டீ, நூறு வருசத்துக்கு ஒரு தடவை வர்ற விழா இது" என்றாள். அதனால்தான் பேசுகிறேன். அடுத்த நூற்றாண்டு விழாவுக்கு நான் வர மாட்டேன்.

நீரிழிவைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

நான் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 1995 தீபாவளிக்கு. படம் அந்த வருடம் பொங்கலுக்கே வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு ஒளிநாடாவாக வந்து சேர அத்தனை மாதம் பிடித்தது. தீபாவளி முற்பணத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, டவுனிலிருந்து ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். லயத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை. கோயில் முற்றத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதன் சத்தத்துக்கு மேலே ரஜினி பேச வேண்டும். படங்கை விரித்து உட்கார்ந்தோம். பனி கொட்டுகிறது. ஓர் இரவுக்கு மூன்று படம். முதல் படம் பக்திப் படம், கிழவிகளுக்காக. இரண்டாவது இது. மூன்றாவது என்ன படம் என்று இன்றுவரை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இதையே திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்கள்.

விடுமுறை முடிந்து பாடசாலைக்கு வந்தபோது, இடைவேளையில் மேசையைத் தட்டி அந்த ஓட்டோப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். தமிழ் ரீச்சர் வந்து நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று எங்களுக்குக் கிடைத்தது பிரம்படி அல்ல, ஒரு சொற்பொழிவு. இது கூத்து, இதில் தர்க்கம் இல்லை, ஒருவன் பத்துப் பேரை அடிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிற பிள்ளைகள் தங்கள் பிரச்சினைக்குத் தாங்களே தீர்வு தேட மாட்டார்கள், எவனாவது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார். அந்த ரீச்சரிடம் நான் படித்த தமிழில்தான் இப்போது அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் தாமதம். மன்னிக்க வேண்டும்.

ரீச்சர் சொன்னதில் பாதி சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஒரு வைத்தியராக இந்தப் படத்தைப் பார்த்தால் பொறுக்க முடியாது. மின்கம்பத்தில் கட்டிவைத்து அந்த அடி அடித்த மனிதன் அடுத்த காட்சியில் நடந்துபோகிறான். விலா எலும்பு, நுரையீரல், மண்ணீரல் எல்லாம் எங்கே போயின? கதையும் முழுக்கச் சொந்தக் கதை அல்ல. 1991இல் வந்த "ஹம்" என்ற ஹிந்திப் படத்தின் சாயல் அதில் இருக்கிறது. அமிதாப் பச்சன் மூத்தவர், தம்பிமாரில் ஒருவர் கோவிந்தா, மற்றவர் நம் ரஜினிகாந்தேதான். கதாநாயகி நக்மா ஓட்டோவில் ஏறுவதும், காதலிப்பதும், பாட்டுக்கு வருவதுமாக இருக்கிறார். தங்கைமார் இரண்டு பேர், அவர்களுக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் படிப்பு, இரண்டும் அண்ணன் சுமக்கிற சுமை. படிக்கப் போன கீதா என்ன டொக்டர் ஆனாள், எந்த வைத்தியசாலையில் வேலை செய்தாள் என்பதில் கதைக்கு அக்கறையே கிடையாது. எனக்கு அதில் தனிப்பட்ட கோபம் உண்டு.

ரசனை தெரிந்தவர்கள் ரஜினியின் அண்ணன் தங்கை படம் என்றால் மகேந்திரனின் "முள்ளும் மலரும்" படத்தைத்தான் காட்டுவார்கள். 1978இல் வந்தது. நல்ல படம், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீபாவளி இரவு ஜெனரேட்டர் சத்தத்தில் அதைத் திருப்பிப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

படத்தைத் தயாரித்தது சத்யா மூவிஸ், ஆர்.எம். வீரப்பனின் நிறுவனம். இதே நிறுவனம்தான் 1971இல் எம்.ஜி.ஆரை வைத்து "ரிக்‌ஷாக்காரன்" எடுத்தது. அந்தப் படத்துக்குத்தான் எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நம் மலைநாட்டு மண்ணில் பிறந்த அந்த மனிதர் ரிக்‌ஷா இழுத்தார். 24 வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து ஒரு ஓட்டோக்காரன் புறப்பட்டான். இயக்கம் சுரேஷ் கிருஷ்ணா, இசை தேவா, பாட்டு வைரமுத்து, வசனம் பாலகுமாரன். ஆம், நாவல்கள் எழுதிய அதே பாலகுமாரன். எங்கள் நூலகத்தில் அவருடைய புத்தகத்தை எடுக்க அனுமதி இருந்தது, அவர் வசனத்தைச் சொல்லத்தான் தடை. படத்தின் வெற்றி விழாவில் ரஜினி தமிழ்நாட்டில் வெடிகுண்டுக் கலாசாரம் பரவுவதாகப் பேச, மேடையில் இருந்த வீரப்பனின் அமைச்சர் பதவி போனது தனிக் கதை. கூத்து என்று ஒதுக்கின படம் ஒரு அமைச்சரவையையே ஆட்டிவிட்டது என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த காட்சிக்கு வருகிறேன். சண்டைக் காட்சி அல்ல. எல்லோரும் அந்த மின்கம்பச் சண்டையைத்தான் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம்.

கீதாவுக்கு நல்ல புள்ளிகள் இருக்கின்றன, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். கல்லூரியை நடத்துகிற பெரிய மனிதன் அவளைத் தனக்கு இணங்கச் சொல்கிறான். அண்ணன் மாணிக்கம் காக்கிச் சட்டையோடு, கைகட்டி, மிகப் பணிவாக, உங்களோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு உள்ளே போகிறான். தங்கை வெளியே நிற்கிறாள். நடுவில் கண்ணாடி. தன் பெயர் மாணிக்கம், தனக்கு இன்னொரு பெயரும் உண்டு என்று அவன் சொல்வதோடு நமக்குச் சத்தம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் சொல்வது நமக்குக் கேட்காது, தங்கைக்கும் கேட்காது. அந்தப் பெரிய மனிதனின் முகம் மாறுவதும், கதிரையிலிருந்து எழும்புவதும் மட்டும் தெரிகிறது. வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று தங்கை கேட்கிறாள். உண்மையைச் சொன்னேன் என்கிறான் அண்ணன். அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஒரு தகவல். "ஹம்" படப்பிடிப்பின்போது மூத்த அண்ணன் தம்பிக்குப் பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுப்பதாக ஒரு காட்சி பேசப்பட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். அந்த விடுபட்ட காட்சிதான் ரஜினியின் மனதில் தங்கி இந்தப் படமாக வளர்ந்தது. வேறொருவர் வேண்டாம் என்று எறிந்த துண்டு அது. தமிழுக்கு வந்தபோது தம்பி தங்கையானான், பொலிஸ் கல்லூரி மருத்துவக் கல்லூரியானது. யார் அப்படி மாற்றினார்களோ, அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏன் என்றால், மூன்று நான்கு வருடத்தில் நான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

நம் நாட்டில் அரச மருத்துவ பீடத்துக்குக் காசு கொடுத்து நுழைய முடியாது, அது நம் அதிர்ஷ்டம். திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று 5 வீதம். பதுளை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கதவு வரைக்கும் போகக் கடதாசி வேண்டும். என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதம், பாடசாலைப் பதிவில் இன்னொரு விதம். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு எழுத்துக் குறைவு, இன்னோரிடத்தில் வேறு ஆளின் பெயரே. இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு இது புதிய கதை அல்ல என்று உங்கள் சிரிப்பே சொல்கிறது. தமிழ் தெரியாதவர் கேட்டு எழுதியது, கேட்டதைச் சொல்லத் தயங்கியவர் சொன்னது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சனங்களுக்கு, கடைசிப் பேருக்கும் அது சட்டப்படி திரும்பக் கிடைக்க 2003 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஒரு எழுத்துப் பிழை என்றால் அது வெறும் எழுத்துப் பிழை அல்ல.

மாணிக்கத்துக்கு இன்னொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் பம்பாய் நடுங்கும். எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் இருந்தது. செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, அம்மா கூப்பிடுவது ஒன்று. அதைச் சொன்னால் நடுங்கியது நாங்கள்தான்.

அந்தப் பெயரைத் திருத்த ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அண்ணன் சாதாரணதரத்தோடு படிப்பை விட்டு, புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தார். நம் தோட்டங்களில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மேலே படிக்கிறது என்றால், இன்னொரு பிள்ளை கொழும்பில் எங்கோ மூட்டை தூக்குகிறது என்று பொருள். அவர் முதலாளியிடம் லீவு கேட்டு இரவு பஸ்ஸில் வந்தார். முதல் நாள் போனோம், நாளைக்கு வா என்றார்கள். இரண்டாம் தடவை, இந்தக் கடிதம் போதாது என்றார்கள். அப்போது அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர், தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு டொக்டர் வேலை என்று சிங்களத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். எங்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருப்பார். அண்ணனுக்கு நன்றாகத் தெரியும், கடையில் நின்றவர் அல்லவா. அண்ணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காக நான் பல வருடம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்.

மூன்றாம் தடவை, "நீ இங்கயே நில்லு பாப்பா" என்று சொல்லிவிட்டு அண்ணன் தனியாக உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். அங்கே கண்ணாடி இருக்கவில்லை, மரக் கதவு. பத்து நிமிடம் இருக்கும். வெளியே வரும்போது கையில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடதாசி. "என்னாண்ணே சொன்னீங்க?" என்று கேட்டேன். "பஸ்ஸு போயிரும், வா" என்றார்.

வெல்லவாய பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தேன். தியலும நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில், என் அண்ணன் உள்ளே என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. அவருக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. புறக்கோட்டையில் யாருக்கோ அது தெரியும். பத்தொன்பது வயது. எனக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது. மருத்துவ பீடத்தில் முதல் வருடம் உடற்கூற்றியல் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பெண் என் தமிழைக் கேட்டுவிட்டு, நீ எந்த இடம் என்று ஒரு மாதிரிக் கேட்டபோதும் அது தேவைப்பட்டது.

ரீச்சர் சொன்னது நினைவிருக்கிறதா? எவனாவது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மண்ணுக்குள் போன லயங்களைத் தோண்டுவதற்கு முதலில் இறங்கியவர்கள் யார்? இயந்திரங்கள் வருவதற்கு முன்பு, பக்கத்து டிவிஷன்களிலிருந்து மண்வெட்டியோடும் வெறுங்கையோடும் ஓடிவந்த பொடியன்கள். அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட கடதாசி லயத்துக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்தும் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. முகாமாக மாறிய பாடசாலையில் நான் சில நாள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கை கிழிந்து தையல் போட வந்த ஒரு பொடியனின் சட்டையில் ரஜினி இருந்தார். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அல்ல. தையல் போட்ட கையோடு திரும்பவும் போனான். நான் போக வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

படம் பார்த்துத்தான் அவன் ஓடினான் என்று நான் சொல்ல வரவில்லை. படம் பார்க்காவிட்டாலும் ஓடியிருப்பான். படம் பார்த்தது அவனைத் தடுக்கவில்லை என்பதுதான் என் சாட்சியம். ரசிகனை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற விமர்சனத்தில் எனக்கு இருக்கிற கோபம் அதுதான். ஒருவன் பத்துப் பேரை அடிக்க முடியாது என்பது கொழுந்து எடுக்கிற அம்மாவுக்குத் தெரியாதா? துரை முன்னால், கணக்கப்பிள்ளை முன்னால், அரைப் பேர் போட்ட நாளில் ஒன்றும் பேசாமல் நின்றவளுக்கு உலகத்தின் தர்க்கம் உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும். அவள் அன்றிரவு பார்த்தது பத்துப் பேரை அடித்தவனை அல்ல. அத்தனை நேரம் அடிவாங்கிக்கொண்டு, செத்துப்போன தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகவும் வீட்டுக்காகவும் வாயைத் திறக்காமல் நின்றவனை. குனிந்து நிற்கிறவன் கோழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று ஒரு படம் இரண்டரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் திருப்பிப் போடச் சொல்லத்தானே செய்வாள்? "முள்ளும் மலரும்" காளி கோபக்காரன், கோபத்தைக் காட்ட அவனால் முடிந்தது. எங்கள் வீடுகளில் கோபத்தைக் காட்டுகிற வசதி இருக்கவில்லை.

2017இல் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி திரையிட்டார்கள். அதற்குப் பிறகு என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு இப்போது பதினைந்து. "அம்மா, அந்த அக்கா ஏன் ஒண்ணுமே பேசல?" என்று கேட்டாள். நான் முப்பது வருடத்தில் கேட்காத கேள்வி. கீதா அந்தப் பெரிய மனிதனின் முகத்துக்கு நேரே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு பட்டியலே போட்டோம். இந்த மேடையில் சொல்ல முடியாது.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். பண்டாரவளையில் இப்போது சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறார். ரி.வி.யில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்தக் காட்சி. எனக்குத் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு உள்ள போயி என்னாதான் சொன்னீங்க?"

அவர் ரி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் சொல்லல பாப்பா. அழுதேன்."

பிறகு, "அந்தாளும் பயந்துட்டாரு. பெரிய ஆம்பள மேச மேல தலய வச்சு அழுதா என்னா செய்வாரு. தண்ணி குடுத்தாரு" என்றார். அதோடு சத்தத்தைக் கூட்டிவிட்டார். சண்டை வந்துவிட்டது.

இன்றிரவு எட்டு மணிக்கு நம் மண்டபத்தில் படம் போடுகிறார்கள். ஒழுங்கமைப்புக் குழுவின் தோழி கடைசியில் சம்மதித்துவிட்டாள், ஜெனரேட்டரும் தயார், மின்சாரம் போனால் போடுவதற்கு. தமிழ் ரீச்சரும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறோம். அண்ணனும் வந்திருக்கிறார். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த களைப்பில் 1995இல் அவர் பாதிப் படத்தைத் தூங்கியே கழித்தவர். கேட்டால் இன்றைக்கும் தூங்கத்தான் போகிறேன் என்பார். யாரும் எழுப்ப வேண்டாம், அந்தக் காட்சிக்கு மட்டும் நான் எழுப்பிக்கொள்கிறேன்.